காக்காப்பொன் மேல் ஒரு சொட்டு

சேலத்தில் இறங்கிய அன்று மாலை, ஃபேர்லேண்ட்ஸ் விடுதியில் அறைச் சாவி கொடுத்தவர் என் கைப்பையைத் தூக்கிவர முன்வந்தார். நான் தரவில்லை. "உள்ள நகைங்களா மேடம்?" என்றார் குரலைத் தாழ்த்தி. "இல்லை, கல்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றார்.

பையில் இருந்தது ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா. அதன் அடியில் ஒட்டும் ஜெல்லி பரப்பியிருக்கும். வைத்த பொருள் அசையாது. அந்த ஜெல்லியின் மேல் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இரண்டு தகடுகள். கண்ணாடியைவிடத் தெளிவானவை, காகிதத்தைவிட மெல்லியவை. ஆய்வகத்தில் நாங்கள் மைக்கா என்போம். தமிழில் காக்காப்பொன். பினாங்கில் நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்திலிருந்து, அவை பிறந்த மண்ணுக்கே அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழாயில் நீர் ஓடும்போது நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடும். சுவரைத் தொடும் நீர் நகர்வதே இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். சாக்கடை முதல் விமானம் வரை எல்லாக் கணக்கையும் அதை நம்பித்தான் போடுகிறார்கள். ஆனால் நானோமீட்டர் அளவுக்கு இறங்கிப் பார்த்தால் எல்லாச் சுவரும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சில பரப்புகளில் சுவரைத் தொடும் நீரும் வழுக்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு வழுக்குகிறது என்று அளப்பதுதான் இருபது வருடமாக என் வேலை.

காக்காப்பொன்னுக்கும் நீருக்கும் ஏகப்பட்ட ஒட்டுதல். அதன் மேல் நீர் வழுக்கவே கூடாது. எங்கள் ஆய்வகத்தில் வழுக்கியது. இருபது நானோமீட்டர் அளவுக்கு. ஒரு தலைமுடியை நாலாயிரம் இழையாகக் கிழித்தால் ஓர் இழை இருக்கும் பருமன் அது. கேட்பவருக்கு ஒன்றுமில்லை, எங்களுக்குப் பூகம்பம். வேறு ஊர்க் காக்காப்பொன்னில் வழுக்கல் இல்லை, இந்த ஒரு கல்லில் மட்டும் இருந்தது. என் ஆய்வு மாணவி நாடியா மூன்று வருடம் இரவு பகலாக அளந்தாள். கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒரே ஒரு நடுவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: அதே கல்லிலிருந்து புதிதாகப் பிரித்த தகட்டில் ஒருமுறை அளந்து காட்டுங்கள்.

எங்களிடம் மிச்சமிருந்தது டப்பாவில் உள்ள இந்த இரண்டுதான். கல் வந்த பழைய பொட்டலத்தின் மேல் பேனாவால் "சங்ககிரி" என்று எழுதி ஒரு கைப்பேசி எண் இருந்தது. அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஆமாங்க, நாந்தான் அனுப்புனேன். ஏனுங்க, கல்லுல ஏதாச்சும் குத்தமுங்களா?"

இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன்.

"ஒரே ஒரு பாளந்தான் ஊட்டுல இருக்குதுங்க. அதைக் கூரியர்ல எல்லாம் போடமாட்டேன், உடைச்சுப்புடுவாங்க. வேணும்னா நேர்ல வாங்க."

அப்படித்தான் வந்தேன். என் தாத்தா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது ஈப்போ. இந்தியாவுக்கு வந்தது இதுவே முதல் முறை.

முதல் நாள் மாலை விடுதிக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடை, அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், மேலே இன்னொரு தட்டுவடையை மூடி போல வைத்து நீட்டினார்கள். முழுதாக வாய்க்குள் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கடித்தேன். பாதி என் சட்டையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி தன் கைக்குட்டையை நீட்டினாள். பழத்துண்டுகளைக் காரச் சாறில் பிரட்டித் தரும் எங்கள் ஊர் ரோஜாக்கில் இந்த ஆபத்து கிடையாது. அதைக் குச்சியால் குத்தித் தின்போம்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் "திருச்செங்கோடு" என்ற பலகையைப் பார்த்து ஏறினேன். போனில் பேசிய பெண்ணின் வீடு இருக்கும் மல்லசமுத்திரம் அந்த வழியில்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நடத்துநர் என் பயணச்சீட்டை மறுபடி பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"ஏனுங்க மேடம், இது சங்ககிரி வழி வண்டிங்க. மல்லசமுத்திரத்துக்கு ஆட்டையாம்பட்டி வழி வண்டியில ஏறோணும். ஏறும்போதே சொல்றதில்லீங்களா?"

ஏறும்போது என்னிடம் சீட்டுக் கொடுத்தவர் அவரேதான். ஆனால் அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து நான் அதைச் சொல்லவில்லை. சங்ககிரியில் இறக்கிவிட்டார்கள். ஆடி மாதக் காற்று. மலைக்கோட்டைக்குக் கீழே சாலையோரம் நின்றுகொண்டு, தலைமுடியில் ஒரு கிலோ தூசியோடு அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் செய்தேன்.

"சங்ககிரிக்கே போயிட்டீங்களா? அதுவும் நல்லதுக்குத்தான். குழி அங்கதான் இருக்குது. லோகநாதனை வண்டியோட அனுப்பறேன். குழியைப் பார்த்துட்டு ஊட்டுக்கு வாங்க."

லோகநாதனுக்கு நாற்பது வயது இருக்கும். இப்போது சொந்தக் கார் ஓட்டுகிறார். அதற்கு முன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பதினான்கு வருடம். ராஜஸ்தான், ஒரிசா, பிறகு தான்சானியாவில் மூன்று வருடம். "பூமியில நாங்க போடாத ஓட்டை இல்லீங்க" என்றார். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். "இந்த வார்த்தையை இப்பத்தான் கேக்கறேன் மேடம். நாங்க சாப்டீங்களான்னு கேப்போம். பசி ஆறிருச்சான்னு யாரும் கேக்கறதில்லை." அதற்குப் பிறகு நான் அவருக்கு அக்கா ஆகிவிட்டேன்.

என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். சுவரைத் தொடும் நீர் நகராது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். காற்றும் நீர் போலத்தான், அது ஓடும்போது பரப்பைத் தொடும் பகுதி நின்றுவிடும் என்று சொன்னேன். அவர் உடனே முன்னால் போய்க்கொண்டிருந்த லாரியைக் காட்டினார்.

"அதாங்களா விசயம்! நாமக்கல்ல இருந்து வண்டி கிளம்பி நாக்பூர் போயிட்டு வருது. அத்தனை தூரம் காத்து அடிச்சுட்டே இருக்குது. பாடியில இருக்கற தூசி மட்டும் போறதே இல்லை. துணி போட்டுத் தொடைச்சாத்தான் போகும். காத்து ஏன் இதைத் தள்ளிட்டுப் போகலைன்னு நான் எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன்."

வகுப்பில் வருடா வருடம் இதை விளக்க நான் மின்விசிறி இறக்கையில் படியும் தூசியைச் சொல்வேன். அடுத்த வருடம் முதல் லாரிதான்.

குழி என்று அவர்கள் சொன்னது ஒரு பெரிய கல் சுரங்கம். ஓடு செய்யும் ஆலைகளுக்கு வெள்ளைக் கல் வெட்டிய இடம். குத்தகை முடிந்து நாலைந்து வருடமாகிறதாம். இப்போது கரை வரை நீர். பச்சையும் நீலமும் கலந்த நிறம். ஈப்போவில் ஈயம் தோண்டிய பள்ளங்கள் இப்படித்தான் குளங்களாகக் கிடக்கின்றன. சிறுவயதில் அவற்றைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் இங்கே கரை முழுக்க மின்னியது. குனிந்து பார்த்தால் மண்ணில் எல்லாம் காக்காப்பொன் செதில்கள். காற்று ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தரையே சிமிட்டியது. இருபது வருடமாக ஒரு தகட்டை இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கி, தூசியில்லாத அறையில் வைத்துப் பார்த்தவள் நான். இங்கே என் செருப்பு முழுக்க அது ஒட்டிக்கொண்டிருந்தது.

போனில் பேசிய அந்தப் பெண், தனலட்சுமி அக்காவின் வீடு மல்லசமுத்திரத்துக்குச் சற்று வெளியே, அவருடைய கல் அரைக்கும் ஆலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "வாங்க அம்மிணி, வாங்க. மொதல்ல கையைக் கழுவுங்க" என்றார். நேராகச் சாப்பாட்டு மேசைக்குத்தான் போனோம். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, அதன் நடுவில் குழி செய்து நெய், பக்கத்தில் பச்சப்புளி ரசம், இரண்டு முட்டை வறுவல். "நாமக்கல் பக்கம் வந்துட்டு முட்டை வேண்டாம்னு சொன்னா நாங்க கோவிச்சுக்குவோம்" என்றார்.

பதினோரு வருடம் அந்தக் குழியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர்தான். வெள்ளைக் கல்லுக்குத்தான் விலை. காக்காப்பொன் அவர்களுக்குக் கழிவு. கல்லோடு கலந்து போனால் ஓட்டில் கறை விழும், அதனால் ஆள் வைத்துப் பொறுக்கி வெளியே கொட்டுவார்களாம். ஒருமுறை யாரோ ஒரு வியாபாரி வெளிநாட்டு ஆய்வகத்துக்கு வேண்டும் என்று கேட்க, நல்லதாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

"நீங்க போன் பண்ணினதும் எனக்குப் பக்குனு ஆயிருச்சு அம்மிணி. அத்தனை வருசங் கழிச்சு ஒருத்தர் கூப்பிடறாங்கன்னா கல்லுல குத்தம் சொல்லத்தான்னு நெனச்சேன்."

தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். அகராதி அளவுக்கு ஒரு பாளம். பக்கவாட்டில் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஏடுகள். உள்ளுக்குள் தேன் நிறம். குழியின் கடைசி நாளன்று, இயந்திரங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது பாறைச் சுவரில் இது துருத்திக்கொண்டு இருந்ததாம். அவரே இறங்கி உளி வைத்து எடுத்திருக்கிறார். "அன்னிக்கு எனக்கு மனசு செரியில்லை. இது கையில வந்ததும் செரியாயிருச்சு. அதான் வெச்சிருக்கேன்."

நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. எனக்கு வேண்டியது இதன் உள்ளே இருந்து பிரிக்கும் ஏடு. பிளந்தால்தான் கிடைக்கும். எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் துணியை மறுபடி மூடினார்.

"நாளைக்கு வெடியால வாங்க" என்றார்.

சேலத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு சேகோ ஆலையின் களத்தில் ஜவ்வரிசி காயப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தரை, கண்ணுக்கு எட்டும் வரை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். மனக்கணக்கு ஒன்று போட்டேன். ஓர் அணுவை ஒரு ஜவ்வரிசி அளவுக்குப் பெரிதாக்கினால், நல்ல காக்காப்பொன் தகட்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது நூறு கிலோமீட்டர் ஆகும். அதாவது சேலத்திலிருந்து கரூர் வரை ஒரே களம். அதில் ஒரு ஜவ்வரிசிகூட மேலே துருத்தாமல், ஒன்றுகூடக் குறையாமல் பரப்பி வைத்திருக்கிறது. யாரும் தேய்க்கவில்லை, மெருகு போடவில்லை. பூமிக்கு அடியில் வெந்து ஆறியபோது தானாக அப்படி அமைந்தது. இதை லோகநாதனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரூர் வரைக்குமாக்கா?" என்றார்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது தனலட்சுமி அக்கா குளித்து, கண்ணாடியை மூக்கில் சரியாகப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். முன்னறையில் ஒரு அகலமான எவர்சில்வர் பாத்திரம் நிறைய நீர். பக்கத்தில் அந்தப் பாளம்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். இதை மூடி வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? உள்ள என்ன இருக்குதுன்னு நானும் பார்த்ததில்லை. ஆனா நீங்க கை வைக்கக் கூடாது. நான்தான் பிரிப்பேன்."

ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து நெருப்பில் காட்டினார். பாளத்தை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, ஓரத்தில் ஊக்கின் நுனியை மெல்லச் செருகினார். நீர் தானாகவே அந்த வெடிப்புக்குள் நுழைந்து பிரித்துக்கொண்டே போனது. கத்தரி இல்லை, ஒட்டுநாடா இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஓர் ஏடு விலகி நீருக்குள் மிதந்தது. அந்த ஏட்டின் உட்புறத்தை அதற்கு முன் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. மனிதரே இல்லாத காலத்தில் மூடிய பக்கம் அது.

அதிலிருந்து சிறு துண்டுகளாக நறுக்கித் தரச் சொன்னேன். ஊருக்குக் கொண்டுபோகும் முன் எளிதான சோதனை ஒன்று செய்து பார்க்கலாம் என்று தோன்றியது: ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்ப்பது. சுத்தமான நீர் வேண்டும் என்றதும் லோகநாதன் கார் டிக்கியிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். புதிய துண்டைக் காயவைத்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு என்ற வடிவமே நிற்கவில்லை. தொட்ட கணத்தில் ஓடிப் பரவி, தகடு முழுக்க ஒரே ஈரமாகி, கண்ணுக்கே தெரியாமல் போனது. காக்காப்பொன்னுக்கும் நீருக்கும் உள்ள ஒட்டுதல் அதுதான்.

பிறகு, பொருத்திப் பார்ப்பதற்காக, பினாங்கிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பழைய தகட்டை எடுத்தேன். அதன் மேல் அதே நீரில் ஒரு சொட்டு.

திரண்டு நின்றது. பாசிப்பயறு போல, உருண்டையாக.

இரண்டாவது தகட்டையும் எடுத்தேன். அதிலும் நின்றது.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே கல்லுதானுங்களே?" என்றார் தனலட்சுமி அக்கா. "இது ஏன் சேம்பு இலைமேல நிக்கற மாதிரி நிக்குது?"

காரணம் எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் தேவைப்பட்டது. புதிய ஏட்டில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை என் டப்பாவின் ஜெல்லி மேல் வைத்து மூடினேன். இன்னொன்றைக் கழுவித் துடைத்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். இரண்டையும் அக்காவின் அலமாரியில் வைத்தேன். நாளை இதே நேரத்தில் திறப்போம் என்றேன்.

அன்று என்னால் உட்கார முடியவில்லை. லோகநாதன் அதைக் கவனித்துவிட்டு, "ஜேடர்பாளையம் போலாமுங்களா அக்கா? மேட்டூர்ல தண்ணி தெறந்திருக்காங்க" என்றார். வழியில் பின்சக்கரம் பஞ்சரானது. உதிரிச் சக்கரத்தில் காற்றில்லை. நெடுஞ்சாலை ஓரம் ஒரு மணி நேரம். எதிரே ஒரு கோழிப்பண்ணை. கோழிகளின் சத்தத்துக்கு மேலாக லோகநாதன் யாரோ நண்பரிடம் போனில் ஸ்வாஹிலி பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "தான்சானியாவுல கூட வேலை பார்த்த ஆளுங்க. பஞ்சர் ஆயி நிக்கறேன்னு சொன்னேன். அங்க இருந்து அவன் என்ன பண்ணுவான்? மனசுக்கு ஒரு ஆறுதல்தான்" என்றார்.

ஜேடர்பாளையத்தில் காவிரி தடுப்பணையைத் தாண்டி நுரைத்துக்கொண்டு போனது. கரையில் மீன் வறுக்கும் வாசனை. படியில் இறங்கி முழங்கால் வரை நீரில் நின்றேன். ஆறு காலைத் தள்ளியது. அவ்வளவு பெரிய ஆறு, மேட்டூரிலிருந்து கடல் வரை போகிற ஆறு, இடைவிடாமல் ஓடுகிறது. ஆனால் என் தோலைத் தொட்ட அந்த ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் நிற்கிறது. அதற்கு மேலே உள்ளது கொஞ்சம் நகர்கிறது, அதற்கு மேலே இன்னும் கொஞ்சம், இப்படி ஏறி ஏறித்தான் காவிரியின் வேகம். இதைச் சமன்பாடாக எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உடம்பில் உணர்ந்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் கணவரிடம், "அந்தக்கா எதையோ தொலைச்சுட்டாங்களாட்ட இருக்குது, தண்ணியவே பார்க்கறாங்க" என்று சொல்வது காதில் விழுந்தது.

நான்காம் நாள் காலை அலமாரியைத் திறந்தோம். முதலில் எவர்சில்வர் டப்பா. சொட்டு சற்றே தயங்கியது, பிறகு பரவிவிட்டது. அடுத்து ஜெல்லி டப்பா. நேற்று அதே ஏட்டிலிருந்து அதே ஊக்கால் பிரித்த துண்டு. சொட்டு விட்டேன்.

நின்றது.

ஜெல்லியிலிருந்து ஆவியாக எழுந்த ஏதோ ஒரு எண்ணெய், கண்ணுக்குத் தெரியாமல், ஒரே நாளில் தகட்டின் மேல் படிந்திருக்கிறது. நீர் வழுக்கியது கல்லின் மேல் அல்ல. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல். மற்ற ஊர்த் தகடுகளைச் சாதாரணக் கண்ணாடித் தட்டில் போட்டு வைத்தோம், அவை சுத்தமாக இருந்தன. இந்தக் கல் அருமையானது, அளவில் குறைவு என்று, இதை மட்டும் இருப்பதிலேயே நல்ல டப்பாவில் பத்திரப்படுத்தினோம்.

நாடியாவை அழைத்தேன். மலாய் மொழியில்தான் பேசிக்கொள்வோம்.

"டாக்டர், கல் கிடைத்ததா?" என்றாள். குரலில் அத்தனை மகிழ்ச்சி.

நடந்ததைச் சொன்னேன். எதையும் பூசி மெழுகாமல் சொன்னேன்.

"அந்த டப்பாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான்" என்றாள்.

"வாங்கக் கையெழுத்துப் போட்டது நான். நல்ல தகடுகளை அதில் வை என்று சொன்னதும் நான்."

"கட்டுரை?"

"இன்றைக்கே திரும்பப் பெறப்போகிறேன். கடிதத்தில் என் பெயர் மட்டும் இருக்கும்."

அழுதாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். தனலட்சுமி அக்காவுக்கு மொழி புரியவில்லை, அழுகை புரிந்தது. "புள்ளை அழுகுதுங்களா? அழுகட்டும், அவசரப்படுத்தாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நாடியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "டாக்டர், அந்தப் படலம் எவ்வளவு பருமன் இருக்கும்?"

"ஒரு மூலக்கூறு. மிஞ்சினால் இரண்டு."

"கீழே அதே கல். மேலே அதே நீர். நடுவில் ஒரே ஒரு மூலக்கூறு வந்தால் போதுமா, நீர் தரையை மறப்பதற்கு?"

தோற்றுப்போன அந்த நிமிடத்தில், நான் அதுவரை கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். "அதை அளக்கலாம்" என்றேன். "ஒரு நாள் வைத்தால் எவ்வளவு, இரண்டு நாள் வைத்தால் எவ்வளவு என்று அளக்கலாம். டப்பா நம்மிடமே இருக்கிறது." அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள்.

தனலட்சுமி அக்கா காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்க கல்லுல குத்தமில்லையே?"

"இல்லைக்கா. உங்கள் கல் சரியாகத்தான் இருந்தது. தப்பு எங்கள் டப்பாவில்."

அவர் மூச்சை விட்டார். "அப்ப தண்ணி எங்கயுமே வழுக்கறதில்லீங்களா?"

வழுக்கும் என்றேன். பென்சிலுக்குள் இருக்கும் கரியை எடுத்து, அதன் ஏட்டை நானோமீட்டர் அளவுக் குழாயாகச் சுருட்டினால், அதற்குள் நீர் எங்கள் கணக்கை எல்லாம் மீறிக்கொண்டு ஓடுகிறது. குழாய் ஒடுங்க ஒடுங்க இன்னும் நன்றாக வழுக்குகிறது. அதே வடிவத்தில், அதே அளவில், வேறு அணுக்களால் குழாய் செய்தால் அந்த வழுக்கல் கிடைப்பதில்லை. ஏன் என்பதற்கு இன்னும் முழுமையான பதில் யாரிடமும் இல்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது போல. லோகநாதன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒடுங்கின பைப்புல தண்ணி வேகமாப் போகுதுன்னா எங்க ரிக் முதலாளி நம்பமாட்டாருங்க" என்றார்.

கடிதத்தைத் தனலட்சுமி அக்கா வீட்டு மேசையிலேயே எழுதி அனுப்பினேன். பிரித்த ஏட்டை எவர்சில்வர் டப்பாவிலேயே போட்டுக் கொடுத்தார். டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உங்களுக்குத்தான் என்றார். மீதிப் பாளத்தைத் துணி சுற்றி அலமாரியில் வைத்தார், பிரித்த முகம் வெளியே தெரியும்படி.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து நாடியா அந்த ஏட்டில் அளந்தாள். வழுக்கல் இல்லை. பூஜ்யம். பிறகு இரண்டு தகடுகளை எதிரெதிரே வைத்து, நடுவில் நீரோடு, மெல்ல மெல்ல நெருக்கினோம். இடைவெளி சில நானோமீட்டராகக் குறைந்ததும் திரையில் இடைவெளியைக் காட்டும் கோடு படிப்படியாக இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு படியும் நீரின் ஒரு மூலக்கூறு அடுக்கு வெளியேறுவது. நாங்கள் வாய்விட்டு எண்ணினோம். நான்கு. மூன்று. இரண்டு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தியும் கோடு அசையவில்லை. கல்லோடு ஒட்டிய கடைசி நீர் வெளியேற மறுத்தது.

அந்தத் திரையைப் படமெடுத்து, விளக்கம் சொல்லி, தனலட்சுமி அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"பார்த்தேன் அம்மிணி. நாலு தடவை பார்த்தேன். அந்தக் கடைசித் தண்ணி அங்கயே எத்தனை நாளு நிக்குமுங்க? அதே தண்ணியா அப்படியே நிக்குது?"

நான் பதில் பதிவு செய்தேன். இல்லைக்கா, அடுக்கு மட்டும்தான் நிற்கிறது. அதில் இருக்கிற நீர் நிற்பதில்லை. ஒரு மூலக்கூறு விலகும், அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும், ஒரு நொடிக்குள் அது கோடிக்கணக்கான முறை நடந்துவிடும். இடம் காலியாவதே இல்லை என்பதால் நமக்கு அசையாமல் இருப்பது போலத் தெரிகிறது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பின்னணியில் இயந்திரச் சத்தமும், பிளாஸ்டிக் குடங்களை இழுக்கும் சத்தமும்.

"அடேயப்பா!" என்றார். "செரிங்க அம்மிணி, தண்ணி லாரி வந்துருச்சு, புடிச்சு வெச்சுட்டு வாரேன்" என்றார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. குடத்துக்குள் நீர் விழத் தொடங்கும் ஓசை கேட்டது. நாடியாவும் நானும் அது நிரம்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.